செவிலியர் உரிமத் தேர்வு: நம் வீடுகள் அறிய வேண்டியவை

மருந்து பற்றிய அதிகாரத்தில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து என்று மூன்றைச் சொல்லி, நான்காவதாக நோயாளியின் அருகிலிருந்து கவனிப்பவரையும் சேர்த்தார். அந்த நான்காம் கூறுதான் இன்றைய செவிலியர். அவர் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை என்பதை மருத்துவமனையில் ஓர் இரவு படுத்திருந்த எவரும் அறிவர்.

தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறியவர்கள் நம் முன்னோர். அவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்று வெள்ளைச் சீருடையில் காலை டூட்டிக்குப் போவதைத் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் காண்கிறோம். சயான் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை 1947 முதல் நமக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. பரேலில் 1926இல் திறக்கப்பட்ட கே.இ.எம். மருத்துவமனை இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது நாடே அஞ்சியது. அவ்வாண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை நல்ல எடுத்துக்காட்டாகச் சொன்னார். அந்த மாற்றத்தில் செவிலியர்களின் உழைப்புக்கும் பங்கு உண்டு.

இப்போது இந்த இளம் செவிலியர்களிடமிருந்து ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: "அந்த வெளிநாட்டுப் பரீட்சைக்கு என்ன படிக்க வேண்டும்?" பெற்றோர் கேட்பது வேறு: "எவ்வளவு கட்ட வேண்டும்?" மகளின் கேள்வியே சரியான கேள்வி. பெற்றோரின் கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு நகையை அடகு வைத்த குடும்பங்கள் உண்டு. படிக்கிற பிள்ளைக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்காமல், தரகருக்கு இரண்டு லட்சம் ஒதுக்குவதால் தேர்வு கைகூடாது. இதை விளக்கவே இக்கட்டுரை. செவிலியராக நம் ஆண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். மகள் என்று எழுதுமிடமெல்லாம் மகனுக்கும் பொருந்தும்.

நம் நாட்டு முறையும் அந்த நாட்டு முறையும்

நம் நாட்டில் ஜி.என்.எம். பட்டயம் மூன்றாண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டு. இறுதித் தேர்வில் வென்று மாநிலச் செவிலியர் மன்றத்தில் பெயரைப் பதிவு செய்தால் பணியாற்றும் உரிமை கிடைத்துவிடும். உரிமத்துக்கென்று தனித் தேர்வு எழுத வேண்டியதில்லை. 1947இன் இந்தியச் செவிலிய மன்றச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசியச் செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. வரும் ஆண்டுகளில் விதிகள் மாறக்கூடும். நம் பிள்ளைகள் விழிப்பாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் கல்லூரிப் பட்டம் வேறு, உரிமம் வேறு. எங்கே படித்திருந்தாலும் என்.கிளெக்ஸ் என்ற ஒரே தேர்வில் வெல்ல வேண்டும். 1982இல் இந்தப் பெயர் பெற்ற அத்தேர்வு, 1994இல் காகிதத்தை விட்டுக் கணினிக்கு மாறியது. 2005 வரை அதை எழுத அமெரிக்க மண்ணுக்கோ குவாம், சைப்பான் போன்ற அதன் தீவுகளுக்கோ போக வேண்டியிருந்தது. பிறகு வெளிநாடுகளிலும் மையங்கள் வந்தன. இன்று நம் மும்பையிலேயே எழுதலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "ஆறு மாதத்தில் நர்சிங்" என்று சுவரொட்டி ஒட்டும் வகுப்புகள் நம் பகுதியில் குறைவில்லை. மன்றத்தின் அங்கீகாரம் இல்லாத படிப்பை வைத்து இங்கேயும் பதிவு செய்ய முடியாது, அங்கேயும் தேர்வு எழுத முடியாது. இரண்டாண்டு ஏ.என்.எம். படிப்பு அங்கீகாரம் பெற்றதுதான். ஆனால் பதிவுபெற்ற செவிலியருக்கான என்.கிளெக்ஸ் எழுத அது போதாது. பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பிள்ளையைச் சேர்க்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த நாட்டுக்கு எந்தத் தேர்வு?

என்.கிளெக்ஸ் அமெரிக்காவோடு முடிவதில்லை. கனடா 2015 முதல் அதே தேர்வை ஏற்றது. ஆஸ்திரேலியா 2020 முதல், வெளிநாட்டில் படித்த செவிலியரில் பலரை அத்தேர்வையும் அதற்குப்பின் ஒரு செய்முறைத் தேர்வையும் எழுதச் சொல்கிறது.

இங்கிலாந்துக்கு வேறு வழி. முதலில் கணினித் தேர்வு: கணக்குப் பகுதியில் 15 கேள்விகள், செவிலியப் பகுதியில் 100 கேள்விகள். இதை இந்தியாவிலேயே எழுதலாம். பிறகு அங்கே போய், நோயாளிபோல் நடிப்பவரையும் பொம்மையையும் வைத்து நடத்தும் செய்முறைத் தேர்வு. துபாய், அபுதாபி, சவூதி, கத்தார் முதலிய வளைகுடா நாடுகளில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் உரிமத் தேர்வு உண்டு. நம் பிள்ளைகள் பொதுவாகப் புரோமெட்ரிக் என்று சொல்வது இவற்றைத்தான். இங்கே பெரும்பாலும் முன் அனுபவமும் கேட்பார்கள்.

அமெரிக்கா பற்றிப் பல தரகர்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. என்.கிளெக்ஸ் வென்றால் உரிமத்துக்குத் தகுதி கிடைக்கும்; விசா கிடைத்துவிடாது. செவிலியர்கள் பெரும்பாலும் போகும் குடியேற்ற விசாப் பிரிவில் இந்தியாவில் பிறந்தோருக்கான வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. அதோடு 'விசாஸ்கிரீன்' என்ற சான்றிதழும் வேண்டும். ஆகவே "பரீட்சை பாஸானால் ஆறு மாதத்தில் அமெரிக்கா" என்று யாராவது சொன்னால் அவரிடம் பணம் கொடுக்காதீர்கள். கனடா, ஆஸ்திரேலியா ஆகியவற்றையும் சேர்த்து எண்ணிப் பார்த்து, நாட்டை முதலில் முடிவு செய்து, அதற்குரிய தேர்வைப் பிறகு தேர்ந்தெடுப்பதே முறை.

என்.கிளெக்ஸ் எப்படி நடக்கிறது?

நாம் எழுதிப் பழகிய பரீட்சையில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். இங்கே ஒவ்வொருவருக்கும் வினாக்கள் வேறு. சரியாக விடை சொன்னால் அடுத்த கேள்வி சற்றுக் கடினமாக வரும். தவறினால் சற்று எளிதாக வரும். குறைந்தது 85 கேள்விகள், அதிகம் 150. மொத்தம் ஐந்து மணி நேரம். எழுதுபவர் தகுதிக் கோட்டுக்கு மேலே இருக்கிறாரா கீழே இருக்கிறாரா என்பது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியானதும் கணினி தானே நின்றுவிடும். விடை கொடுத்த கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. மதிப்பெண் கிடையாது, வெற்றி அல்லது தோல்வி, அவ்வளவே. தோற்றால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம்.

"எண்பத்தைந்திலேயே நின்றுவிட்டது, போச்சு" என்று அழுதுகொண்டு வீட்டுக்கு வருவோர் உண்டு. கேள்விகளின் எண்ணிக்கையை வைத்து எதையும் சொல்ல முடியாது. 85இல் நின்று வென்றவரும் உண்டு, 150 வரை போய் வென்றவரும் உண்டு.

2023 ஏப்ரல் முதல் தேர்வின் அமைப்பு மாறியிருக்கிறது. ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, ஆறு படிகளில் கேள்வி கேட்கிறார்கள். அடையாளங்களைக் கவனி, அவற்றின் பொருளை ஆராய், எது முதன்மையான ஆபத்து என்று வரிசைப்படுத்து, என்ன செய்யலாம் என்று திட்டமிடு, செய், செய்ததன் பலனைப் பார். பொருந்துவன எல்லாவற்றையும் குறிக்கச் சொல்லும் கேள்விகளில் ஓரளவு சரியாக எழுதினால் ஓரளவு மதிப்பெண் உண்டு. ஆகவே பழைய கேள்விப் புத்தகத்தை மட்டும் இரவல் வாங்கிப் படித்தால் போதாது.

அமெரிக்காவில் படித்து முதன்முறை எழுதுவோரில் அண்மை ஆண்டுகளில் பத்துக்கு ஒன்பது பேர் வெல்கிறார்கள். வெளிநாட்டில் படித்து முதன்முறை எழுதுவோரில் ஏறத்தாழப் பாதிப் பேரே வெல்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அறிவு குறைவு என்பது இதன் பொருளாகாது. கேள்வியின் நோக்கு நமக்குப் பழக்கமில்லாதது.

"யாரை முதலில் பார்ப்பாய்?"

நம் பரீட்சைகள் "நீரிழிவின் அறிகுறிகளை எழுதுக" என்று கேட்கும். என்.கிளெக்ஸ் அப்படிக் கேட்பதில்லை. ஒரு மாதிரிக் கேள்வியைப் பார்ப்போம்.

டூட்டி ஏற்றுக்கொண்ட சிஸ்டரிடம் நால்வர் இருக்கிறார்கள். ஒருவர் அறுவை முடிந்து இரண்டாம் நாள், வலிக்கு ஊசி கேட்கிறார். ஒருவர் நீரிழிவுக்காரர், ரத்தச் சர்க்கரை 180. ஒருவர் இன்று வீட்டுக்குப் போகிறவர், மருந்துச் சீட்டுக்குக் காத்திருக்கிறார். ஒருவருக்கு நேற்றுத் தைராய்டு அறுவை நடந்தது. மூச்சை இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. முதலில் யாரிடம் போக வேண்டும்?

வலி என்பவர் சத்தமாகக் கூப்பிடுவார். சீட்டுக்காரர் பத்துத் தடவை வந்து நிற்பார். ஆனால் போக வேண்டியது நான்காமவரிடம். அவருடைய மூச்சுக் குழாய் அடைபடுகிறது. மூச்சுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசை எல்லாக் கேள்விகளின் அடியிலும் ஓடுகிறது. அதன்பின் திடீரென்று வந்த குறையா, நாட்பட்ட குறையா என்ற வேறுபாடு. அதன்பின் நிலையாக இருப்பவரா, நிலை மாறுகிறவரா என்பது.

சயானிலோ நாயரிலோ ஒரே சிஸ்டர் ஒரு வார்டையே தாங்கும் இரவுகளில், நம் பெண்கள் இந்த முடிவை மணிக்கு மணி எடுக்கிறார்கள். யாரும் அவர்களிடம் "ஏன் அவரிடம் முதலில் போனாய்?" என்று கேட்டதில்லை. கையால் செய்கிறார்கள், வாயால் சொல்லிப் பழகவில்லை. உரிமத் தேர்வுக்கு ஆயத்தமாவது என்பதில் பாதி இதுதான்: டூட்டியில் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தைச் சொல்லிப் பழகுவது. டூட்டி முடிந்து ரயிலில் வரும்போது அன்று பார்த்த மூன்று நோயாளிகளை அந்த ஆறு படிகளில் வைத்துப் பார்த்தால், அதுவே ஒரு பாடம்.

வார்டுப் பழக்கம் சில இடங்களில் காலை வாரவும் செய்யும். நம் மருத்துவமனையில் ஆள் குறைவு, பொருள் குறைவு. நோயாளிக்கு உணவூட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது எல்லாம் உறவினர் வேலை. தேர்வில் வரும் மருத்துவமனையில் எல்லாப் பொருளும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. "கையுறை தீர்ந்துவிட்டது" என்ற நினைப்போடு விடை எழுதக் கூடாது. அதுபோலவே "டாக்டருக்குச் சொல்" என்பது நமக்கு முதல் விடையாகத் தோன்றும். அங்கே செவிலியர் தாமே உடனே செய்யக்கூடிய ஒன்று இருந்தால் அதுவே முதலில்: படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துவது, ஆக்ஸிஜன் கொடுப்பது, ஏறிக்கொண்டிருக்கும் ரத்தத்தை ஒவ்வாமை கண்டதும் நிறுத்துவது.

உதவியாளருக்கு எந்த வேலையைக் கொடுக்கலாம் என்பது இன்னொரு வகைக் கேள்வி. நம் வார்டு மௌசி இருபது ஆண்டு அனுபவத்தில் எல்லாம் அறிந்தவராக இருக்கலாம். தேர்வில் அவரிடம் சிறுநீர் அளப்பதையும், நிலையாக உள்ளவரை நடத்திச் செல்வதையும் கொடுக்கலாம். நோயாளியை மதிப்பிடுவது, அவருக்குக் கற்பிப்பது, பலனைப் பார்ப்பது ஆகிய மூன்றும் செவிலியர் பொறுப்பு.

மும்பை வாழ்க்கை கைகொடுக்கும் பாடமும் உண்டு. காசநோய் எப்படிப் பரவும் என்பதைத் தாராவிப் பிள்ளைக்குப் புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை. காசநோய், தட்டம்மை, சின்னம்மை மூன்றும் காற்றில் பரவுவன. தனியறையும் என்-95 முகக்கவசமும் வேண்டும். மாறாக, மழைக்காலத்தில் நம் வார்டுகளை நிரப்பும் மலேரியா, டெங்கு, லெப்டோ ஆகியவை அங்கே அதிகம் கேட்கப்படுவதில்லை. இதய நோய், மனநலம், முதியோர் பராமரிப்பு, மகப்பேறு, நோயாளியின் உரிமைகள் ஆகியவற்றுக்கு நேரம் கொடுக்க வேண்டும். படிக்கும் காலத்தில் மனநலப் பாடத்தை ஒப்புக்குப் படித்தவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

மருந்தின் பெயரும் கணக்கும்

ஒரே மருந்துக்கு இரு நாட்டில் இரு பெயர். நாம் பாராசிட்டமால் என்பதை அங்கே அசிட்டமினோபென் என்பர். நம் அட்ரினலின் அங்கே எபிநெப்ரின். சால்புட்டமால் அங்கே அல்பியூட்டரால். பெத்திடின் அங்கே மெப்பெரிடின். ஒரு நோட்டில் இரண்டு பத்திகளாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் சமைக்கும்போதும் கண்ணில் படும். ரத்தச் சர்க்கரையை நாமும் அமெரிக்கரும் 180 என்று சொல்லும்போது, இங்கிலாந்திலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 10 என்பார்கள். பதினெட்டால் வகுத்தால் அந்த அளவு வரும்.

கணக்கைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரு லிட்டர் சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும்; குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. மொத்தம் 20,000 சொட்டு, மொத்தம் 480 நிமிடம். வகுத்தால் 41.67, நிமிடத்துக்கு 42 சொட்டு. ஒரு குழந்தைக்கு 250 மில்லிகிராம் மருந்து வேண்டும். பாட்டிலில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றிருந்தால் 10 மில்லி கொடுக்க வேண்டும். நாள்தோறும் ஐந்து கணக்கு, ஒரு மாதம் போட்டால் கை பழகிவிடும். வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் தம்பி இருந்தால் அவனையே விடை சரிபார்க்கச் சொல்லலாம்.

ஆங்கிலம் என்ற வாசல்

நம் பெண்கள் வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, நோயாளியிடம் மராத்தி, பாடநூலில் ஆங்கிலம் என்று நான்கு மொழியில் வாழ்கிறார்கள். அது பெருமைக்குரியது. ஆயினும் ஆங்கிலத் தேர்வு தனியாக ஆயத்தமாக வேண்டிய ஒன்று. ஐ.ஈ.எல்.டி.எஸ். பொதுவானது; ஓ.இ.டி. மருத்துவத் துறையினருக்கென்றே அமைந்தது. இங்கிலாந்துச் செவிலியர் மன்றம் ஐ.ஈ.எல்.டி.எஸ்.இல் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 கேட்கிறது. ஓ.இ.டி. என்றால் முன்னவற்றில் 350, எழுதுதலில் 300. ஓ.இ.டி. எழுத்துத் தேர்வில் நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து 45 நிமிடத்தில் ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். டூட்டி மாற்றும்போது அடுத்த சிஸ்டரிடம் சொல்லும் செய்தியை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிப் பழகுவதே இதற்கு நல்ல பயிற்சி.

பெயரால் வரும் தடை

தமிழருக்கென்றே வாய்த்த ஒரு தொல்லை இது. பள்ளிச் சான்றிதழில் 'மா. செல்வி' என்றிருக்கும். மகாராஷ்டிரத்தில் விண்ணப்பம் நிரப்பும்போது பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள் வரும். குடும்பப் பெயர் இல்லாத நாம் அங்கே ஊர்ப் பெயரையோ சாதிப் பெயரையோ எழுதி வைப்போம். ஆதாரில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று, மன்றப் பதிவில் ஒன்று. திருமணமானால் கணவர் பெயரும் வந்து சேரும். தேர்வு மையத்தில் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் கட்டிய பணத்தோடு வாசலிலிருந்தே திரும்ப நேரும்.

ஆகவே படிக்கத் தொடங்கும் முன்பே எல்லாச் சான்றிதழ்களையும் பாயில் பரப்பி வைத்துப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் உறுதிமொழிப் பத்திரமும், தேவையானால் அரசிதழ் அறிவிப்பும் செய்து, கடவுச்சீட்டையும் மன்றப் பதிவையும் ஒன்றாக்குங்கள். இதற்கு மாதங்கள் ஆகலாம்.

ஊரில் படித்துவிட்டு மும்பைக்கு வேலைக்கு வந்த பெண்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. தமிழ்நாட்டுக் குழுமத்தில் பதிவு செய்தவர்கள் இங்கே பணியாற்ற மகாராஷ்டிர செவிலியர் மன்றத்திலும் பதிவு பெற வேண்டும். பதிவைக் காலாவதியாக விடக் கூடாது. வெளிநாட்டு மன்றங்கள் படித்த கல்லூரியிடமிருந்தும் பதிவு செய்த மன்றத்திடமிருந்தும் நேரடியாகச் சான்று கேட்கும். கல்லூரியை விட்டு வரும்போதே பாடவாரியாக, மணிக்கணக்கோடு கூடிய மதிப்பெண் பட்டியலை வாங்கி வைத்தால் பின்னர் அலைச்சல் மிச்சம்.

பணம்: எதற்கு, எவ்வளவு?

என்.கிளெக்ஸ் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் மேலும் 150 டாலரும் வரியும். விண்ணப்பிக்கும் மாநிலத்தின் கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்பு, ஆங்கிலத் தேர்வு ஆகியவை தனி. இவை எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. எல்லாவற்றையும் செவிலியரே தம் பெயரில் கட்டலாம். இதற்கு மேல் "பேக்கேஜ்" என்று லட்சக்கணக்கில் கேட்பவரிடம், எதற்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராதவருக்குக் கொடுக்காதீர்கள்.

வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியரை அனுப்புவதை 2015இல் இந்திய அரசு ஒழுங்குபடுத்தி, அரசு நிறுவனங்கள் வழியே நடக்கும்படி செய்தது. தமிழ்நாட்டில் 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. உரிமம் பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் நடைமுறை விதிப்படி வேலை தேடும் செவிலியரிடம் முகவர் கட்டணம் வாங்கவே கூடாது.

குறுக்கு வழி காட்டுவோரும் உண்டு. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில் 7,600க்கும் மேற்பட்ட போலிச் செவிலியர் சான்றிதழ்கள் விற்கப்பட்டது வெளியானது. வாங்கியவர்களில் பலர் பின்னர் உரிமம் இழந்தனர். அதே ஆண்டு நைஜீரியாவின் இபதான் நகரில் இங்கிலாந்துக் கணினித் தேர்வு மையம் ஒன்றில் ஆள்மாறாட்டம் நடந்ததாகச் சந்தேகம் எழுந்து, அங்கே எழுதிய பலர் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. நேர்மையாக எழுதியவர்களுக்கும் அந்தத் துன்பம் வந்தது.

பத்துக்குப் பத்து அறையில் படிப்பது எப்படி?

டூட்டிக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் வேண்டும். நாளுக்கு இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். முதல் இரண்டு மாதம் பாடத்தைத் திருப்பிப் பார்ப்பதோடு நாளுக்கு 25 கேள்வி. அடுத்த இரண்டு மாதம் நாளுக்கு 50 முதல் 75 கேள்வி. கடைசி மாதம் வாரம் ஒருமுறை ஐந்து மணி நேரம் உட்கார்ந்து முழு மாதிரித் தேர்வு. கேள்வியைப் போடுவதைவிட, விடை விளக்கத்தைப் படிப்பதற்கு இருமடங்கு நேரம் கொடுக்க வேண்டும். சரியான விடை ஏன் சரி, மற்றவை ஏன் தவறு என்று இரு தோழியர் தமிழிலேயே விவாதித்தால் மனத்தில் பதியும். தவறியவற்றை எழுதி வைக்கும் நோட்டே கடைசி வாரத்துக்கான பாடநூல்.

இரண்டு மணி நேரம் எங்கே கிடைக்கும்? தாராவிக் குடும்பத்துக்கு இது பெரிய கேள்வி. ஒரே அறை, கீழே சமையல், மேலே பரணில் தூக்கம், பக்கத்தில் தையல் எந்திரம் ஓடும் சத்தம். இரவு டூட்டி முடித்து வரும் பெண், தண்ணீர் வரும் நேரத்தில் குடம் பிடிக்க வேண்டும், பிறகு சமையல், பிறகு கண்ணயர நினைத்தால் விருந்தாளி. இந்த நிலையில் அவள் தோற்றால் அது அவளுடைய தோல்வி மட்டுமா?

பெற்றோரே, மாமியார் மாமனாரே, உங்களால் ஆகக்கூடியவை சில உண்டு. அந்த ஆறு மாதத்துக்குத் தண்ணீர் பிடிக்கும் வேலையை மகனிடம் கொடுங்கள். இரவு டூட்டி முடிந்த நாளில் அவள் உறங்கும்வரை தொலைக்காட்சியை அணைத்து வையுங்கள். வீட்டில் இடமில்லையென்றால் மாநகராட்சியின் அப்யாசிகா படிப்பகங்கள் உண்டு. அங்கே போய்வர மாலையில் அவளுக்கு நேரம் கொடுங்கள். ஊரில் கொடை, கல்யாணம் என்றால் அந்த ஒரு முறை அவளை விட்டுவிட்டுப் போய்வாருங்கள். திருமணம் பேசும்போது, இந்தத் தேர்வு எழுதப் போகிறாள் என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போகாதவர்களுக்கும் பயன்

வெளிநாடு போவது ஒன்றே வெற்றி என்று நாம் சொல்லவில்லை. இந்தப் படிப்பு வீணாவதில்லை. எய்ம்ஸ் மருத்துவமனைகளின் செவிலிய அலுவலர் பணிக்கு 2020 முதல் நார்செட் என்ற பொதுத்தேர்வு நடக்கிறது. அரசு, மாநகராட்சித் தேர்வுகளும் அவ்வப்போது வருகின்றன. அவற்றுக்கும் இதே பாடங்களின் அடித்தளம் உதவும். யார் முதலில் என்று தெளிவாக எண்ணிப் பழகிய செவிலியர் சயான் வார்டிலேயே இருந்தாலும், அந்த வார்டில் படுத்திருப்பவர் நம் உறவினராகத்தானே இருப்பார்!

தமிழகத்தில் வேலூரில் செவிலியர் பள்ளி 1909இலேயே தொடங்கியது. 1946இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. அவ்வளவு பழைய மரபு இருந்தும், செவிலியம் என்றாலே கேரளத்துப் பெண்களின் தொழில் என்று ஒதுங்கியிருந்த குடும்பங்கள் நம்மிடையே பல. அந்தத் தயக்கம் மெல்லக் கரைந்து வருகிறது. கேரளத்துச் சகோதரிகளிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு: முன்னே போனவர் பின்னே வருபவருக்கு வழி சொல்வது. என்.கிளெக்ஸோ வளைகுடாத் தேர்வோ வென்ற தமிழ்ப் பெண்கள் விடுப்பில் மும்பைக்கு வரும்போது, சங்கத்தில் ஒரு மாலை இளையவர்களோடு உட்கார்ந்து பேசலாம். படித்து முடித்த புத்தகங்களைச் சங்க நூலகத்துக்குத் தரலாம். தேர்வு எழுதுவோர் வாரம் ஒரு நாள் கூடிப் படிக்க ஓர் அறை கொடுப்பது சங்கங்களுக்குப் பெரிய செலவாகாது.

வாசகர்களே, உங்கள் வீட்டில் ஒரு சிஸ்டர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த நாடு, எந்தத் தேர்வு என்று முடிவு செய்துவிட்டாயா? சான்றிதழ்களில் பெயர் ஒன்றாக இருக்கிறதா? நாளுக்கு எந்த இரண்டு மணி நேரம் உனக்கு வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு அவர் சொல்லும் விடையை வீட்டில் எல்லோரும் காக்க வேண்டும்.